வெர்டா ஏழு வரும்வரை

ஜூலை 3

பேச்சுப் பயிற்சியாளர் தாரணி ஒரு நோட்டுப் போடச் சொன்னார். என் மனைவி பிலோ என்ன சாப்பிடுகிறாள், எதை விழுங்கும்போது இருமுகிறாள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று தினமும் குறிக்க வேண்டும். பாலிடெக்னிக்கில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி பிரிக்காமலே கிடந்தது. இதில் குறித்துக்கொண்டு, தாரணிக்குத் தனித்தாளில் எடுத்தெழுதிக் கொடுத்துவிடலாம்.

நோட்டு என்றால் முதல் பக்கத்தில் விவரம் இருக்க வேண்டும். பெயர் பிலோமினா. வயது ஐம்பது. தபால் ஆபீஸ் கவுன்டரில் இருபத்தாறு வருடம். போன டிசம்பரில் வரிசையில் நின்றவர்கள் “என்னம்மா சொன்னீங்க?” என்று இரண்டு தரம் கேட்க ஆரம்பித்தார்கள். மே மாதம் டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். ஆங்கிலத்தில் மூன்றெழுத்து. அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. நாக்கிலும் தொண்டையிலும் ஆரம்பித்திருக்கிறது. வலது கையிலும் லேசாக.

காலை இட்லி மூன்று, சாம்பாரில் ஊறவைத்து. இருபத்தைந்து நிமிடம். இருமல் ஒருமுறை. மதியம் குழைந்த சாதம், ரசம். ரசத்துக்கு இருமல்.

ஜூலை 4

இட்லி மூன்று. இருமல் இல்லை.

ஜூலை 9

தாரணியிடம் போனோம். நோட்டைப் பார்த்துப் பாராட்டினார். பிறகு பிலோவை உள்ளே பயிற்சிக்கு அனுப்பிவிட்டு என்னிடம் பேசினார். பேச்சு குறையும், கையும் குறையலாம். கண் மட்டும் கடைசி வரை நன்றாக இருக்கும். மடிக்கணினியின் திரைக்குக் கீழே ஒரு பட்டையைப் பொருத்தினால் அது கண் பார்க்கும் இடத்தைப் படிக்கும். எழுத்தை உற்றுப் பார்த்தால் எழுத்து விழும், வாக்கியம் முடிந்ததும் இயந்திரம் வாசிக்கும்.

“எப்ப வாங்கணும் மேடம்?”

“இப்பவே வாங்கிடுங்க சார். பேச்சு இருக்கும்போதே பழகிடணும். கண்ணு எரியுது, எழுத்து ஓடுது, இந்த இடம் சரியில்லன்னு அவங்க வாயால சொல்ல முடியணும். அப்பத்தான் நாம சரிபண்ண முடியும்.”

நான் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறவன். இயந்திரம் வாங்குவது எனக்குத் தெரிந்த வேலை. திரும்பும்போது ஆட்டோவில் எனக்கு உற்சாகமாகவே இருந்தது. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

ஜூலை 12

மூன்று நாள் படித்ததில் மடிக்கணினிகளில் வெர்டா வரிசைதான் சரி என்று தோன்றுகிறது. உயர்ந்த ரகம். உள்ளே விசிறிச் சத்தம் கிடையாது, பேட்டரி பகல் முழுக்க நிற்கும். இப்போது கடைகளில் இருப்பது வெர்டா ஆறு. தில்லைநகரில் இர்ஃபான் பாய் கடையில் இருக்கிறது. போனில் கேட்டுக்கொண்டேன்.

இட்லி இரண்டரை. இருமல் இரண்டு முறை.

ஜூலை 15

ஒரு இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள்: வெர்டா ஏழு அக்டோபரில் வருமாம். அதில் கேமராவே கண்ணைப் படிக்குமாம். தனிப் பட்டை வேண்டியதில்லை.

சாயங்காலம் காபிக்குப் பிறகு இதைப் பிலோவிடம் சொன்னேன். இருபத்துநான்கு வருடத்தில் நான் வாங்கிய எந்தச் சாமானைப் பற்றியும் அவள் கேட்டதில்லை. நான் ஆரம்பித்தாலே “போதும், காதுல ரத்தம் வருது” என்று எழுந்து போய்விடுவாள். இன்று நாற்காலியை விட்டு நகரவில்லை.

“பட்டை இல்லாம எப்படிப் பாக்கும்?” என்றாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

அகச்சிவப்பு ஒளி கண்மணியில் பட்டுத் திரும்புவதைச் சொன்னேன். தாளில் படம் போட்டுக் காட்டினேன். முக்கால் மணி நேரம் போனது தெரியவில்லை.

“அப்ப அக்டோபர் வரைக்கும் பொறுக்கலாங்க” என்றாள்.

ஜூலை 27

ஓசூரிலிருந்து மகள் ஷெரின் கூப்பிட்டாள்.

“அப்பா, லேப்டாப் வாங்கியாச்சா?”

“அக்டோபர்ல புது மாடல் வருதும்மா. அம்மாதான் பொறுக்கச் சொல்றா.”

“அம்மாவா? அம்மாவுக்கு மிக்ஸில எத்தனை ஸ்பீடு இருக்குன்னே தெரியாதுப்பா.”

போனைப் பிலோவிடம் கொடுத்தேன். அவள் தலையசைத்து வேண்டாம் என்றாள். குளிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 6

தாரணி இன்றும் கேட்டார். அவர் சொல்வது நியாயம்தான். ஆறையே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்து, அரை நாள் விடுப்புப் போட்டு, செருப்பும் மாட்டிவிட்டேன். பிலோ வாசல்வரை வந்து சட்டைக் கையைப் பிடித்தாள்.

“கேமரா எப்படின்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குவோமே. பொண்ணு பாக்குறதுக்கு முன்னாடியே தாலி கட்டுவாங்களா?”

இதைச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். செருப்பைக் கழற்றினேன். மீதி அரை நாளும் அந்தக் கேமராவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நான்தான் பேசினேன்.

ஆகஸ்ட் 15

கொடியேற்றத்துக்குப் போய்விட்டு ஒன்பதரைக்கு வந்தேன். தண்ணீருக்கும் இருமல். இன்றிலிருந்து தண்ணீரில் கெட்டியாக்கும் பவுடர் கலக்க வேண்டும்.

ஆகஸ்ட் 24

நான் பாலிடெக்னிக்கில் இருக்கும்போது பிலோ கேள்விகளைத் தாளில் எழுதி வைத்துவிடுகிறாள். இன்றைய தாள் இதோ: “திரை எத்தனை அங்குலம்? கறுப்பு மட்டும்தானா? கரண்ட் போனால் எத்தனை மணி நேரம்? அந்தக் கம்பெனிக்காரன் ஏன் முன்னாடியே சொல்ல மாட்டேங்கிறான்?”

எழுத்து கோணலாக இருக்கிறது. கவுன்டரில் மணியார்டர் ரசீது எழுதி எழுதி அச்சு மாதிரி இருந்த கை.

நான்கு கேள்விக்கும் பதில் சொன்னேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் ஒரு மணி நேரம். பழைய சரக்கு விற்றுத் தீர வேண்டும், போட்டிக் கம்பெனி காப்பியடிக்கக் கூடாது, சிப் தயாரிப்பு சொன்ன தேதிக்கு வராது என்றெல்லாம் விளக்கினேன். கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இதில் என்ன சுவாரஸ்யம் என்றுதான் புரியவில்லை.

செப்டம்பர் 8

மாதா திருநாள். மேலப்புதூரில் பூசைக்குப் போனோம். வேளாங்கண்ணிக்கு இந்த வருடம் போகவில்லை.

பூசை நடுவில் பிலோ சிரித்தாள். சத்தமாக. முன்வரிசை திரும்பிப் பார்த்தது. நிறுத்த முடியவில்லை, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டாள். வெளியே கூட்டிவந்து மரத்தடியில் உட்காரவைத்தேன். கன்னமெல்லாம் கண்ணீர்.

“என்ன பிலோ, எதுக்குச் சிரிச்ச?”

தலையை ஆட்டினாள். சிரிக்கவில்லை என்கிறாளா, தெரியவில்லை என்கிறாளா?

டாக்டருக்குப் போன் செய்தேன். இந்த நோயில் அப்படி உண்டாம். அழுகை வரும் இடத்தில் சிரிப்பு வரும், சிரிப்பு வரும் இடத்தில் அழுகை. உள்ளே ஒன்று இருக்கும், முகம் வேறொன்றைக் காட்டும்.

அப்படியானால் ஆகஸ்ட் 6ஆம் தேதி வாசலில் சிரித்தது எது?

செப்டம்பர் 19

காலையில் என்னவோ கேட்டாள். ‘தண்ணி’ என்று காதில் விழுந்தது. பவுடர் கலந்து கொண்டுவந்தேன். இல்லை. ‘துண்டு.’ துண்டு கொடுத்தேன். இல்லை. ‘தட்டு.’ அதுவும் இல்லை. சுவரைக் காட்டினாள். பல்லியா என்றேன். கடைசியில் காலண்டரைக் கழற்றி மடியில் வைத்தேன். இடது கை விரலால் அக்டோபர் தாளைத் தூக்கிப் பார்த்தாள். ‘தேதி.’ வெர்டா ஏழு எந்தத் தேதி என்று கேட்டிருக்கிறாள்.

“இன்னும் சொல்லல பிலோ. நடு மாசம்னு பேசிக்கிறாங்க.”

பக்கத்து வீட்டுக்காரம்மா வந்தபோது பிலோ பேசியதை நான்தான் எடுத்துச் சொன்னேன். பாதி நானாக இட்டுக்கட்டியது. பிலோ என்னை ஒருமாதிரி பார்த்தாள்.

செப்டம்பர் 20

இட்லி நிறுத்தம். கஞ்சி, கூழ், மசித்த பழம்.

அக்டோபர் 2

தாரணி வீட்டுக்கே வந்தார். பிலோவின் வலது கையில் பேனாவைக் கொடுத்துப் பெயரை எழுதச் சொன்னார். பேனா விழுந்தது. எடுத்துக் கொடுத்தார். விழுந்தது. மூன்றாவது தடவை நான் எடுத்து என் பையில் செருகிக்கொண்டேன்.

வாசலில் தாரணியின் குரல் மாறியது. “சார், ஜூலைலயே சொன்னேன். இப்ப அக்டோபர்.”

“புது மாடல் வந்தா அவளுக்குச் சுலபமா இருக்கும் மேடம். அவளும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கா.”

“அவங்க காத்திருக்கட்டும் சார். நோய் காத்திருக்காது.”

இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பட்டென்று பேச வருகிறது. உள்ளே வந்தபோது பிலோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னார் என்று கண்ணாலேயே கேட்டாள். வெர்டா ஏழில் தமிழ் விசைப்பலகை இருக்குமா என்று தாரணி கேட்டதாகச் சொன்னேன். பிறகு இருக்குமா இருக்காதா என்று ஏழு மணிவரை பேசினேன்.

அக்டோபர் 10

அந்தத் தளத்தில் செய்தி: வெர்டா ஏழு தள்ளிப்போகிறது. நவம்பர் முதல் வாரமாம்.

எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். மதியம் மூன்று மணி நேரம் நன்றாகத் தூங்கினேன். மே மாதத்திலிருந்து இப்படித் தூங்கவில்லை.

அக்டோபர் 21

ஷெரின் ஓசூரிலிருந்து நேரில் வந்துவிட்டாள். அம்மாவைப் பார்த்து அழுதாள். பிலோவும் அழுதாள், அல்லது சிரித்தாள். பிறகு ஷெரின் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“நீங்க எதுக்காகக் காத்திருக்கீங்கப்பா? உண்மையச் சொல்லுங்க.”

“அம்மாதான்...”

“அம்மா மேல பழி போடாதீங்க.”

“வாங்கப் போனவனைக் கையப் பிடிச்சுத் தடுத்தா, தெரியுமா?”

“ஏன் தடுத்தாங்கன்னு கேட்டீங்களா?”

கேட்கவில்லை. அப்போதிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன், விளங்கவில்லை. உண்மையிலேயே அந்தக் கேமரா வேண்டுமென்று நினைக்கிறாளா? மிக்ஸியைப் பற்றிக்கூடத் தெரியாதவள். உயர்ந்த ரகத்தை வாங்கி அதிக நாள் பயன்படுத்தப் போவதில்லை என்று எண்ணுகிறாளோ? அப்படி எண்ணுகிறவள் எத்தனை அங்குலம், என்ன நிறம் என்றா கேட்பாள்? இயந்திரம் வீட்டுக்குள் வந்துவிட்டால் வாயும் போய்விட்டது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பயமா? அந்தப் பயம் யாருக்கு? ஷெரினின் பார்வையைப் பார்த்தால் எனக்குத்தான் என்கிறாள் போலிருக்கிறது.

இப்போதாவது கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால் பதில் சொல்ல அவளுக்கு வாய் வேண்டும். ஆமாம், இல்லைக்கு மட்டும் இமை இருக்கிறது. ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை இல்லை. ‘ஏன்’ என்பதற்கு இமை போதாது.

இரவு கஞ்சி ஒரு டம்ளர். நாற்பது நிமிடம்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். பிலோவின் அம்மா கல்லறையில் ஷெரின் மெழுகுவத்தி ஏற்றினாள். பிலோ சக்கர நாற்காலியில். காற்றுக்குத் திரி அணைந்துகொண்டே இருந்தது.

பக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. பிலோ அதைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்காத மாதிரி, நவம்பர் முதல் வாரம் ஆரம்பித்துவிட்டது, எந்த நாளும் அறிவித்துவிடுவார்கள் என்றேன்.

அவள் ஒரு தடவை இமையை மூடினாள். எதற்கு ஆமாம் என்று தெரியவில்லை.

நவம்பர் 6

காலையில் செய்தி பார்த்தேன். வெர்டா ஏழை அறிவித்துவிட்டார்கள். கேமரா கண்ணைப் படிக்கிறது, உண்மைதான். இந்தியாவுக்குப் பொங்கலுக்குப் பிறகு வரும்.

பிலோவின் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதையும் வாசித்தேன். படங்களைக் காட்டினேன். பொங்கலுக்குப் பிறகு என்ற இடம் வந்ததும் இடது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டினாள். பொறுங்கள் என்கிறாள். ஆகஸ்டில் என் சட்டையைப் பிடித்து நிறுத்திய அதே கை, இன்று நாற்காலிக் கைப்பிடிக்கு மேல் நான்கு விரற்கடை எழுந்தது. பிறகு தானாக விழுந்தது.

பொங்கலுக்கு இன்னும் எத்தனை வாரம் என்று மனதுக்குள் எண்ணினேன். பாதியில் நிறுத்தினேன்.

“இல்ல பிலோ. நாளைக்குப் போயி ஆறையே வாங்கிட்டு வந்துடறேன்.”

இரண்டு தடவை இமைத்தாள். இல்லை. மறுபடி இரண்டு தடவை. பிறகு சிரிப்போ அழுகையோ வந்துவிட்டது. எது என்று ஆராயாமல் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

நவம்பர் 7

இர்ஃபான் பாய் நல்ல மனிதர். எனக்குக் காபி வரவழைத்தார்.

“சார், நாலு மாசமா போன்ல கேட்டுக்கிட்டே இருந்தீங்க. இன்னும் ரெண்டே மாசம். புதுசு வந்ததும் முதல் பெட்டி உங்களுக்குத்தான். இப்ப இதை வாங்குனா அப்புறம் வருத்தப்படுவீங்க. நான் வியாபாரத்துக்காகச் சொல்லல.”

“தெரியும் பாய். இதையே பில் போடுங்க.”

“யாருக்கு சார்? பொண்ணுக்கா?”

“வீட்டுக்காரிக்கு. பேசுறதுக்கு.”

அவருக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மெல்லிய பெட்டிதான். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

நவம்பர் 9

தாரணி பட்டையை வரவழைத்துக் கொண்டுவந்து பொருத்தினார். திரையில் ஒன்பது புள்ளிகள் ஒவ்வொன்றாக வரும். பிலோ உற்றுப் பார்க்க வேண்டும். இயந்திரம் அவள் கண்ணைக் கற்றுக்கொள்ளும்.

கற்றுக்கொள்ளவில்லை. ‘அ’வைப் பார்த்தால் ‘ஊ’ விழுகிறது.

“கண்ணு கூசுதாம்மா?” என்று தாரணி கேட்டார். இல்லை. “எரியுதா?” இல்லை. “திரை உயரமா இருக்கா?” இல்லை. “தூரமா?” ஆமாம். பிறகு இல்லை. பிலோவுக்கே எதைச் சொல்வது என்று தெரியவில்லை. எங்களுக்கும் எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

நவம்பர் 10

‘ஊ.’

நவம்பர் 11

இன்றும் இல்லை. பிலோ கண்ணை மூடிக்கொண்டு திறக்க மறுத்துவிட்டாள்.

நவம்பர் 13

ஜன்னல்தான் காரணம். பக்கவாட்டில் இருக்கும் ஜன்னல் வெளிச்சம் அவள் மூக்குக்கண்ணாடியின் ஓரத்தில் விழுந்து, அங்கிருந்து பட்டையில் தெறித்திருக்கிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டதும் ஒன்பது புள்ளியும் பச்சையாகின. பேச முடிந்திருந்தால் ‘ஓரத்துல பளபளன்னு தெரியுது’ என்று முதல் நாளே சொல்லியிருப்பாள். நான்கு நாள் போய்விட்டது.

தாரணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். திட்டியிருக்கலாம்.

நவம்பர் 14

முதல் சொல் ‘ஷெரின்’. ஓசூருக்குப் போன் போட்டு இயந்திரத்தின் அருகே பிடித்தேன். செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் மாதிரி இருக்கிறது. மறுமுனையில் ஷெரின் “அம்மா, இன்னொரு தடவை” என்றாள். அந்தக் குரல் இன்னொரு தடவை சொன்னது.

நவம்பர் 16

சாயங்காலம் காபி குடித்துவிட்டுப் பிலோ பக்கத்தில் உட்கார்ந்தேன். வழக்கமாக அந்தத் தளத்தைத் திறக்கும் நேரம். திறக்கவில்லை. வாங்கியாகிவிட்டது, இனிப் படிக்க என்ன இருக்கிறது? சும்மா உட்கார்ந்திருந்தேன். கால் மணி நேரம் இருவரும் தெருவைப் பார்த்தோம். பிறகு அவள் கண் திரைக்குப் போனது.

ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. எட்டிப் பார்த்து நடுவில் படிக்கக் கூடாது என்று தாரணி சொல்லியிருக்கிறார், பேசுகிறவர்களைக் குறுக்கே வெட்டுவது மாதிரி அது. அதனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதினொரு நிமிடம் கழித்துக் குரல் வாசித்தது. அவள் பேச்சுத் தமிழில் எழுதியிருந்ததால் செய்தி வாசிக்கும் குரல் அங்கங்கே தடுக்கியது.

“வாங்கியாச்சு. இனிமே சாயங்காலம் எதப் பத்திப் பேசுவீங்க?”

கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மறுபடி எழுதினாள். இந்தத் தடவை ஆறு நிமிடம்.

“இருபத்துநாலு வருஷத்துல நீங்க எங்கூட இவ்வளவு பேசுனதே இல்ல.”

உண்மைதான். சம்பளம், மருந்து, ஷெரின் படிப்பு, கரண்ட் பில். அதற்கு மேல் நான் பேசியதாக நினைவில்லை. நான்கு மாதம் அவள் கன்னத்தில் கைவைத்துக் கேட்டது எதை என்று இப்போதுதான் புரிகிறது. அதற்காக இயந்திரத்தைப் பழகிக்கொள்ள வேண்டிய நாட்களையா விட்டுக்கொடுத்தாள்? கோபப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. முகம் ஒன்றைக் காட்ட உள்ளே வேறொன்று இருப்பது நோய் வந்தவர்களுக்கு மட்டும்தானா?

அப்புறம் நானே சொன்னேன். யாரிடமும் சொல்லாதது.

“பிலோ, ஒவ்வொரு தடவை தள்ளிப்போனப்பவும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு. நீ பொறுக்கச் சொன்னது எனக்கு ஒரு சாக்கு. பெட்டிய வாங்கிட்டா நீ பேசாமப் போயிடுவன்னு பயம். ஷெரின் நெனச்சது சரிதான்.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். சின்னச் சொல், சீக்கிரம் வந்துவிட்டது.

“தெரியும்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். துண்டு கையில்தான் இருந்தது, இந்த முறை எனக்கே பயன்பட்டது. கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் அடுத்த சொல்லை முடித்திருந்தாள்.

“வேற?” என்றது குரல்.

வேறு என்ன? என்னிடம் என்ன இருக்கிறது? யோசித்தேன். பிலோ காத்திருந்தாள். நாற்காலியை அவளுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, வேறெதுவும் தோன்றாததால், இன்று காலை பால் வாங்கப் போன இடத்தில் இரண்டு பேர் போட்ட சண்டையிலிருந்து ஆரம்பித்தேன்.